ஒரு வருஷம் கழிச்சு வீடு திரும்பினோம்: நான் கத்துக்கிட்ட பாடம்

 

இந்த வாரப் பாடம் கொஞ்சம் சொந்தக் கதை. நம்மில் பாதிப் பேர் ஐ.டி.யில இருக்கோம். ஆன்சைட் போறவங்க, போய்ட்டு வர்றவங்க, போகணும்னு முருகன்கிட்ட வேண்டிக்கிறவங்க நிறைய. போறதுக்கு எப்படித் தயாராகணும்னு சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கு. திரும்பி வர்றதைப் பத்தி யாரும் சொல்றதில்லை. அதனால நான் பண்ணின தப்பையே பாடமா எழுதறேன்.

நாங்க உடுமலைப்பேட்டை பக்கம். போன வருஷம் ஜூன் மாசம் நான், மனைவி, நாலு வயசு பொண்ணு மூணு பேரும் ஜெர்மனியில மியூனிக் போனோம். சரியா ஒரு வருஷ ப்ராஜெக்ட். திரும்பறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே எக்செல் ஷீட் போட்டேன். நகராட்சியில வீட்டு முகவரிப் பதிவை நீக்கற ஆப்மெல்டுங், வாடகை அட்வான்ஸ், இங்க பேங்க்ல என்.ஆர்.ஓ. கணக்கை மறுபடி உள்நாட்டுக் கணக்கா மாத்தறது, பொண்ணுக்கு ஸ்கூல் சீட்டுன்னு மொத்தம் 41 வரி. எல்லாத்தையும் பச்சைக் கலர் ஆக்கிட்டுத்தான் ஃப்ளைட் ஏறினேன். அந்த 41 வரியில அம்மா, அப்பா பத்தி ஒரு வரி கூட இல்லைங்கறது அப்போ எனக்கு உறைக்கல.

வீடு வந்து சேர்ந்த அன்னிக்கே பிரச்சினை ஆரம்பிச்சுது. அம்மா ஆசையா பருப்புச் சோறு பிசைஞ்சு பேத்திக்கு ஊட்ட உக்காந்தாங்க. கிண்டர்கார்டன் போய்ப் போய் அவ வாயில ஜெர்மன்தான் முதல்ல வரும். "நைன், நைன்"னு தலையை ஆட்டினா. ஜெர்மன்ல நைன்னா வேண்டாம்னு அர்த்தம். அம்மாவுக்குத் தெரிஞ்ச நைன் இங்கிலீஷ் நைன். "ஒம்போது வாய் வேணுமாமா, எந்தங்கம்"னு சிரிச்சுக்கிட்டே ஊட்டிக்கிட்டே இருந்தாங்க. பொண்ணு அழ ஆரம்பிச்சுட்டா.

சிரிச்சுட்டுப் போயிருக்கலாம். பயணக் களைப்புல நான் சத்தம் போட்டுட்டேன். "குழந்தை வேண்டாம்னா விடணும்மா. அங்கெல்லாம் யாரும் இப்படித் திணிக்க மாட்டாங்க." அம்மா ஒண்ணும் பேசல. தட்டை எடுத்துக்கிட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க.

அடுத்த ரெண்டு நாளும் என் வாயில "அங்கெல்லாம்"தான். அங்கெல்லாம் ஞாயித்துக்கிழமை கடையே இருக்காது, அவ்வளவு அமைதி. அங்கெல்லாம் காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா 25 சென்ட் தருவாங்க, அதனால ரோட்டுல குப்பையே இருக்காது. எல்லாம் உண்மைதான். ஆனா ஒவ்வொரு தடவை சொல்லும்போதும், "நீங்க இங்க சரியில்லை"ன்னு சொல்ற மாதிரி அது கேட்குதுன்னு எனக்குப் புரியல. மூணாவது நாள் அம்மா மெதுவாச் சொன்னாங்க: "அங்கயே இருந்திருக்கலாமே சாமி."

அன்னிக்கு ராத்திரி ஒரு மணி ஆகியும் தூக்கம் வரல. மியூனிக்ல அப்போ ராத்திரி ஒம்பதரைதான், உடம்பு இன்னும் அங்கதான் இருந்துது. வெளியே நடந்தேன். கட்டுத்தரைல மாடு இல்லை. வந்து மூணு நாள் ஆச்சு, அப்பதான் அதைக் கவனிக்கறேன்.

சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார். "மாட்டை ஐப்பசியிலயே குடுத்துட்டோம்டா"ன்னார். கேட்கக் கேட்க ஒண்ணொண்ணா வந்துது. ஐப்பசியில அப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன். குனியக் கூடாது, தூசி படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அம்மா ஒருத்தரால தீவனம் அறுத்துப் போட முடியல. அதான் வித்துட்டாங்க. "நெட்டு சரியில்ல"ன்னு வீடியோ கால் வராம வெறும் போன்ல பேசினாங்களே, அந்த நாலு வாரம் இதுதான். தைப்பூசத்துக்கு அம்மா ஊர்க்காரங்களோட பழனிக்கு நடந்தே போயிருக்காங்க. எங்க ஊர்ல இருந்து 30 கிலோமீட்டருக்கு மேல. நாங்க நல்லபடியா திரும்பி வரணும்னு வேண்டுதல். முழங்கால் வலி அப்ப வந்ததுதான்.

எனக்கு ஒரு வருஷம் ஓடின மாதிரியே அவங்களுக்கும் ஒரு வருஷம் ஓடியிருக்கு. நான் மட்டும்தான் பயணம் போனேன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

அதுக்கப்புறம்தான் இதைப் பத்தித் தேடிப் படிச்சேன். நாலு பேர் எழுதினது ரொம்ப உதவிச்சு.

1955-இல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், அமெரிக்கா போய் வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்தார். வெளிநாட்டில் மனநிலை முதலில் உற்சாகமாக இருந்து, நடுவில் சரிந்து, பிறகு மேலே ஏறுகிறது என்றார். வரைந்தால் ஆங்கில 'யு' எழுத்து மாதிரி வரும். 1963-இல் கல்லாஹார்ன் தம்பதி இதை நீட்டினார்கள். ஊர் திரும்பிய பிறகு இன்னொரு 'யு' வருகிறது, இரண்டும் சேர்ந்தால் 'டபிள்யூ' என்றார்கள். அதாவது, திரும்பி வந்ததும் வர்ற எரிச்சலும் வெறுமையும் உங்க குணக்கேடு இல்லை. அது பாதையில வர்ற ரெண்டாவது பள்ளம்.

ஆல்ஃபிரட் ஷூட்ஸ் வியன்னாவில் பிறந்து 1939-இல் அமெரிக்காவில் குடியேறிய சமூகவியல் அறிஞர். 1945-இல், போர் முடிந்து வீடு திரும்பும் வீரர்களை மனதில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் இதுதான்: புது ஊருக்குப் போகிறவனுக்கு அது புதுசு என்று முன்பே தெரியும், அதனால் தயாராகப் போகிறான். வீடு திரும்புகிறவனோ எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கும் என்று நம்பி வருகிறான். ஆனால் அவனும் பழைய ஆள் இல்லை, வீடும் பழைய வீடு இல்லை.

நம்ம பாஷையில சொன்னா இது மெர்ஜ் கான்ஃப்ளிக்ட். ஒரு வருஷம் முன்னாடி பிராஞ்ச் எடுத்துட்டுப் போனோம். நாம கமிட் பண்ணிக்கிட்டு இருந்தப்போ மெயின் பிராஞ்சும் நகர்ந்துக்கிட்டே இருந்துது. திரும்பி வந்ததும் முதல்ல புல் பண்ணி, அங்க என்ன மாறியிருக்குன்னு பார்க்கணும். நான் பண்ணினது ஃபோர்ஸ் புஷ்.

இப்ப மாம்பழக் கதைக்கு வாங்க. மயில் ஏறி உலகத்தைச் சுத்திட்டு வந்தார் முருகர். வந்து பார்த்தா பழம் அண்ணன் கையில. நாம போட்டியைப் பத்தியும் கோபத்தைப் பத்தியும் பேசறோம். திரும்பி வந்த அந்த நிமிஷத்தைப் பத்தி யோசிக்கறதில்லை. விட்டுட்டுப் போன மாதிரி வீடு இல்லை. கோவிச்சுக்கிட்டு மலைக்குப் போன பிள்ளையைத் தேடி அப்பா அம்மாவே வந்து, "பழம் நீ"ன்னு சமாதானம் சொன்னதா கதை. அதனாலதான் பழனின்னு பேர் வந்துதுன்னு சொல்லுவாங்க. எங்க வீட்டுலயும் தேடி வந்தது அவங்கதான். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து வந்தது அப்பா. எனக்காக நடந்தது அம்மா. நான் ஒரு அடி கூட எடுத்து வைக்கல.

மறுநாள் காலையில சமையக்கட்டுல அம்மா பக்கத்துல போய் உக்காந்து, "தைப்பூசத்துக்கு நடந்தீங்களாமே, எப்படிம்மா இருந்துது?"ன்னு கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினாங்க. கடைசியா, "அந்த ஊர்ல குளிர் எப்படி சாமி?"ன்னு அவங்களே கேட்டாங்க. அடுத்த கிருத்திகைக்கு எல்லாரும் பழனி போனோம். முதல்ல அடிவாரத்துல திருஆவினன்குடி, அப்புறம் மலை. அம்மாவுக்காக விஞ்ச்ல போனோம். பொண்ணு அப்பத்தா மடியிலதான் உக்காந்தா. ஜெர்மன் குறைஞ்சுக்கிட்டே வருது. ஆனா அப்பத்தா மட்டும் இப்பவும் சாப்பாடு போதும்னா "நைன்"னுதான் சொல்றாங்க.

திரும்பி வரப் போறவங்களுக்கு நாலு விஷயம்:

1. முதல் ரெண்டு வாரம் உங்க கதையைச் சொல்லாதீங்க, அவங்க கதையைக் கேளுங்க. "நான் இல்லாதப்போ என்கிட்ட சொல்லாம விட்டது என்ன?"ன்னு நேராவே கேளுங்க.

2. "அங்கெல்லாம்" என்ற வார்த்தைக்கு விரதம் இருங்க. நல்ல பழக்கம் இருந்தா நீங்க செஞ்சு காட்டுங்க, சொல்ல வேண்டாம்.

3. முதல் வாரம் எந்தச் சண்டையும் வேண்டாம். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள்னு உடம்பு சரியாக டைம் எடுக்கும். மனசுக்கு இன்னும் அதிகம்.

4. குழந்தைகளை அவசரப்படுத்தாதீங்க. அவங்களுக்கு இது திரும்பி வர்றது இல்லை. நினைவு தெரிஞ்சு முதல் தடவையா வர்ற புது ஊர்.

வெளிநாட்டுலயே இருக்கறவங்களுக்கு ஒரு வேலை. இன்னிக்குப் போன் பண்ணும்போது "சாப்டீங்களா"வோட நிறுத்தாதீங்க. வீட்டுல என்ன மாறியிருக்குன்னு ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்க.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்.