வண்டிக்குள் ஒரு அலமாரி: பழைய துணியில் சீட் பை தைப்போம்



இந்த மாதப் பாடம் கார், வேன்களுக்கு உள்ளே மாட்டும் துணிப் பை. “நம்மகிட்ட காரா இருக்கு? நமக்கு எதுக்குங்க இது?” என்று கேட்கத் தோன்றும். ஆனால் பிரசவத்துக்கு, கல்யாணத்துக்கு, கோயிலுக்கு, சந்தைக்கு என்று வாடகை வண்டியில் நாம் எல்லோரும்தான் ஏறுகிறோம். 2019-ல் தயாரிப்பு நின்றுபோன ஆம்னி வேன்கூட பல ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வண்டிகளில் தண்ணீர் பாட்டில், குழந்தையின் செருப்பு, தேங்காய், டிபன் கேரியர் எல்லாம் எங்கே கிடக்கும்? பெரும்பாலும் தரையில்தான் உருளும்.

ஏன் இது முக்கியம்?

தரையில் உருளும் பாட்டில் சீட்டுக்கு அடியில் புகுந்து ஓட்டுநரின் காலடிக்குப் போய்விடலாம். பிரேக்குக்குக் கீழே மாட்டிக்கொண்டால் பிரேக்கை முழுசாக மிதிக்க முடியாது. 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 14 மீட்டர் கடந்துவிடும். அது ஒரு அரசு பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம். ஒரு நொடி பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, வண்டி 50 கி.மீ. வேகத்தில் போனால் உள்ளே இருக்கும் பொருளும் அதே வேகத்தில்தான் போகிறது. வண்டி திடீரென்று நின்றாலும் கட்டாத பொருள் நிற்காது, பறந்து வந்து அடிக்கும். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம் வேண்டும், ஓட்டுநரின் காலடி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். இந்தப் பாடத்தின் சாரமே இதுதான்.

தேவையான பொருட்கள்

பழைய ஜீன்ஸ் பேண்ட் அல்லது பள்ளி யூனிஃபார்ம் பேண்ட் துணி நல்லது. பருத்திப் புடவை என்றால் இரண்டாக மடித்துத் தையுங்கள், ஒற்றைத் துணி கனம் தாங்காது. கடையில் வாங்க வேண்டியது எலாஸ்டிக் அரை மீட்டருக்குச் சற்று அதிகம், நாடா 3 மீட்டர், கெட்டி நூல். அவ்வளவுதான்.

தைக்கும் முறை

1. முதலில் முன் சீட்டின் முதுகை அளந்துகொள்ளுங்கள். எல்லா வண்டியும் ஒரே அளவு இல்லை. இங்கே 18 இஞ்ச் அகலம், 24 இஞ்ச் உயரத்துக்குக் கணக்கு சொல்கிறோம்.

2. அடித்துணியை 19-க்கு 25 இஞ்ச் வெட்டி, நான்கு பக்கமும் அரை இஞ்ச் மடித்து அடியுங்கள்.

3. பாட்டில் பை: ஒரு லிட்டர் பாட்டிலைச் சுற்றி நூல் பிடித்தால் ஏறக்குறைய 10 இஞ்ச் வரும். மூன்று பைக்கு 30, ஓர மடிப்புக்கு 1, ஆக 31 இஞ்ச் அகலம், ஒன்பதரை இஞ்ச் உயரத்தில் துணி வெட்டுங்கள். பக்க ஓரங்களை அரை இஞ்ச் மடியுங்கள். மேல் வாயை ஒரு இஞ்ச் மடித்து எலாஸ்டிக் கோத்து, 18 இஞ்சுக்குச் சுருக்கி, இரண்டு முனையிலும் பிடித்து அடியுங்கள்.

4. இதை அடித்துணியின் கீழ்ப்பகுதியில் வைத்து, இரண்டு ஓரமும், நடுவில் 6, 12 இஞ்சிலும் நேர்த்தையல் போடுங்கள். ஒவ்வொரு பைக்கும் 10 இஞ்ச் துணி வர வேண்டும். மிச்சத் துணியை அடியில் கொசுவம் வைத்து, அரை இஞ்ச் உள்ளே மடித்து மூடுங்கள். கொசுவம் இல்லாவிட்டால் பாட்டில் உள்ளே போகாது.

5. காகிதப் பை: கீழிருந்து 13 இஞ்ச் விட்டு, 8 இஞ்ச் உயரத்தில் ஒரு தட்டைப் பை. அதை 11 இஞ்ச், 7 இஞ்ச் என்று இரண்டாகப் பிரியுங்கள். பெரியதில் காகிதம், சிறியதில் செல்போன், மூக்குக்கண்ணாடி.

6. மேலே இரண்டு நாடா, கீழே இரண்டு நாடா. பையின் வாய் ஓரங்களில் முன்னும் பின்னுமாக மூன்று முறை அடியுங்கள். பிய்வது அங்கேதான்.

மேல் நாடாவைத் தலை சாயும் பகுதியின் கம்பியில் கட்டுங்கள். கம்பி இல்லாத பழைய வண்டியில் சீட்டைச் சுற்றிக் கட்டலாம். சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அதன் மேல் நாடா போகவே கூடாது. விபத்தில் அது விரிய முடியாமல் போய்விடும்.

எதை எங்கே வைப்பது?

கனமானது, கூரானது எல்லாம் டிக்கியில்தான். 5 லிட்டர் எண்ணெய் கேனின் மேல்பாகத்தை வெட்டி, ஓரத்தில் டேப் ஒட்டினால் நல்ல டப்பா. நாலு டப்பாவைக் கயிற்றால் சேர்த்துக் கட்டினால் காய்கறி உருளாது. பின் கண்ணாடி ஓரப் பலகையில் எதுவும் வேண்டாம். லைட்டர், சென்ட் டப்பா, மாத்திரை மூன்றையும் வெயிலில் நிற்கும் வண்டியில் விடாதீர்கள்.

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கலாம். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் காட்டும் ஆவணங்களை அசல் போலவே ஏற்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018-ல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அதனால் அசலை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, செல்போனில் ஏற்றிக்கொள்வது நல்லது.

விற்கலாமா?

விற்கலாம். ஆனால் விலை போடும்போது நம் உழைப்பை விட்டுவிடுகிறோம். ஒரு உதாரணக் கணக்கு: நாடா, எலாஸ்டிக், நூல் ரூ.40. மெஷின், கரண்ட் ரூ.10. இரண்டு மணி நேர வேலை, மணிக்கு ரூ.60 வீதம் ரூ.120. ஆக அடக்கம் ரூ.170. “துணி சும்மா கிடைச்சதுதானே, 100 ரூபாய்க்குக் குடு” என்று கேட்டு நாமும் கொடுத்தால், நம் கூலியில் 70 ரூபாயை நாமே தானம் செய்கிறோம்! உங்கள் ஊர் விலைவாசிக்கு ஏற்ப இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இதற்காக முதலிலேயே உள்கடன் எடுத்துத் துணி வாங்க வேண்டாம். ஊரில் உள்ள இரண்டு வாடகை வண்டிகளுக்குத் தைத்துக் கொடுங்கள். ஒரு மாதம் ஓடட்டும். எங்கே கிழிந்தது, எது பயன்பட்டது என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். திருத்தித் தைத்து, பத்துப் பை விற்ற பிறகு கடனைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் ஊரில் எத்தனை வாடகை வண்டிகள் ஓடுகின்றன?
• குழுவில் தைக்கத் தெரிந்தவர்கள் யார், யார்? கற்றுக்கொள்ள விருப்பம் யாருக்கு?
• ஒரு பைக்கு நம் ஊர் விலையில் அடக்கம் எவ்வளவு?

ஊக்குநர்கள் பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். தைத்த பையையும் மறக்காமல் எடுத்து வாங்க, எல்லோரும் பார்த்துக் கத்துக்குவோம்.