வெருகலிலிருந்து சைக்கிள் எடுக்கும் பிள்ளைகளுக்கு

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீர் விளையாட்டுப் பாதுகாப்பை ஊர் ஊராகச் சொல்ல வெருகலிலிருந்து நிலாவெளிக்கு சைக்கிளில் புறப்படுகிறீர்கள். நல்ல காரியம். போகுமுன் இவற்றைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. காசு எதற்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தவர்கள் தெல்லிப்பழை புற்றுநோய் மருத்துவமனைக்கென்றே கேட்டார்கள். சனம் நம்பிக் கொடுத்தது. நீங்கள் உயிர்காப்பு அங்கிக்கென்று கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் தொடாதீர்கள்.

2. விடியப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நிழலுக்குள் போய்விடுங்கள். ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள். ரியூப் ஒட்ட எல்லோரும் பழகியிருக்க வேண்டும். கதிர்காமத்துக்கு நடப்பவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துப் பழகிய ஊர்கள் இவை, உங்களையும் கைவிடமாட்டா.

3. கிண்ணியாவில் குரலைத் தாழ்த்துங்கள். 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் மாண்டார்கள். அங்கே படம் காட்டி அழவைக்க வேண்டாம். "எத்தனை பேர் ஏறலாம், அங்கி எங்கே?" என்று கேட்கும் துணிவை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

4. கச்சான் காற்றைப் பற்றி கட்டாயம் சொல்லுங்கள். அது தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் குளம்போலத் தெரியும். ஆனால் காற்றடைத்த மிதவையில் ஏறிய பிள்ளையை வெளியே கொண்டுபோய்விடும். வாடைக்காலத்தில் கடல் கொந்தளிப்பதைக் கண்ணே சொல்லும். கச்சான் அப்படிக் காட்டிக்கொடுக்காது.

5. பேச்சைக் குறைத்து, செய்து காட்டுங்கள். ஒரு பிள்ளைக்கு அங்கியைப் போட்டு, பட்டிகளை இறுக்கி, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி காதுவரை ஏறினால் அளவு பெரிது. புறாத்தீவுக்குப் போகிறவர்கள் படகில் ஏறுமுன்பே அதைப் போடவேண்டும்.

6. தத்தளிப்பவரைக் கண்டதும் குதிக்கக் கூடாது. ஐந்து லீற்றர் வெற்றுக் கானில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, கைபிடியில் கயிறு கட்டி எறிந்து காட்டுங்கள். தண்ணீர் இல்லாத கானைக் காற்று திருப்பிவிடும். இரண்டு தரம் சிறுவர்களையே எறிய விடுங்கள்.

7. மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நடக்கிறது. மூச்சு இல்லையென்றால் முதலில் ஊதிக் கொடுத்து, பிறகு நெஞ்சை அமுக்கவேண்டும். புறப்படுமுன் செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவி பழகிக்கொள்ளுங்கள். பழகாதவர் பாடம் எடுக்கக் கூடாது.

8. ஓடிக் களைத்த உடம்போடு வெருகலாற்றில் குதித்து நீங்களே செய்தியாகிவிடாதீர்கள். அங்கே முதலையும் உண்டு.

9. 2021இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிட்டது. அந்த ஆண்டிலேயே ஐ.நா. சபை ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. முடிந்தால் அன்று நிலாவெளியில் போய் இறங்குங்கள்.

10. இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. இரண்டையும் ஒவ்வொரு சைக்கிளிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நின்று பேச நேரமில்லாத ஊரிலும் அதையாவது நாலு பேர் வாசிக்கட்டும்.