லோரியின் சிவப்பு விளக்கு சொல்லும் அறிவியல்



நெகிரி செம்பிலானில் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் செம்பனைப் பழ லோரியைத் தெரியாமல் இருக்காது. வெட்டிய பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு, செம்மண் பாதையில் உறுமியபடி ஆலைக்கு ஓடும். பழம் வெட்டியதும் அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். கொழுப்பமிலம் கூடும், தரம் குறையும். அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் குலைகளை ஆலையில் சேர்க்கப் பார்க்கிறார்கள். லோரி வழியில் நின்றால் நட்டம் லோரிக்கு மட்டுமல்ல.

நான் படிவம் இரண்டு படித்தபோது என் அப்பா பகாவ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பழ லோரி ஓட்டினார். பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய டீசல் வண்டி. பள்ளி விடுமுறையில் நானும் பக்கத்தில் ஏறிக்கொள்வேன். வெயில் ஏறிய பிறகு, ஆலை வாசலில் எடை போட வரிசையில் நிற்கும்போது, எண்ணெய்க் குவளை படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கும். அப்பா காலால் எண்ணெய் மிதியை லேசாக அழுத்துவார். விளக்கு அணைந்துவிடும். "பார்த்தியா, ஒண்ணுமில்ல" என்பார்.

ஒரு நாள் மண்டோர், "அண்ணே, கெட்டியான மிஞ்ஞாக் ஹித்தாம் ஊத்துங்க, சரியாயிடும்" என்றார். ஊற்றினார்கள். விளக்கு எரிவது நின்றது. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, முழுச் சுமையோடு மேடு ஏறும்போது இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பழம் பாதையிலேயே கிடந்தது. அப்பா பல வாரம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்.

அந்த விளக்கு என்ன சொல்ல முயன்றது? அதை விளங்கிக்கொள்ள உங்கள் பாடநூலில் உள்ள அறிவியலே போதும்.

எண்ணெய் என்ன வேலை செய்கிறது?

இன்ஜினின் அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. பம்ப் அதிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, வடிகட்டி வழியாக இன்ஜினுக்குள் தள்ளுகிறது. பிஸ்டன்களின் மேல் கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டுக்குக் கிராங்க் ஷாஃப்ட் என்று பெயர். அது பேரிங்குகளின் நடுவே சுழல்கிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. தண்டின் விட்டம் 80 மில்லிமீட்டர் என்றால் இடைவெளி சுமார் 0.08 மில்லிமீட்டர், உங்கள் தலைமுடியின் தடிமன் அளவுதான். அந்த இடைவெளியை எண்ணெய் நிரப்புகிறது. தண்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல், எண்ணெயின் மீது மிதந்தபடி சுழல்கின்றன.

"பம்ப் தரும் அழுத்தம்தான் தண்டைத் தூக்கிப் பிடிக்கிறதா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. இதைக் கண்டறிந்த கதை சுவையானது. இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் இரயில் சக்கர பேரிங்குகளைச் சோதித்து 1883-இல் முடிவுகளை வெளியிட்டார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் மேல் பக்கம் ஒரு துளை போட்டிருந்தார். தண்டு சுழன்றதும் அந்தத் துளை வழியே எண்ணெய் பொங்கி வெளியே வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மர ஆப்பு அடித்தார்; அதுவும் வெளியே வந்தது. கடைசியில் அழுத்தமானியைப் பொருத்தினார். முள் 200 பிஎஸ்ஐ, அதாவது ஏறத்தாழ 1,400 கிலோபாஸ்கலைத் தாண்டிப் போனது. அங்கே பம்ப் எதுவும் இல்லை! சுழலும் தண்டே எண்ணெயைக் குறுகலான இடத்துக்குள் இழுத்துச் சென்று அந்த அழுத்தத்தை உண்டாக்கியது. இதற்கான கணிதத்தை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் தந்தார்.

மழையில் வேகமாகப் போகும் காரின் சக்கரம் தண்ணீரின் மீது ஏறி வழுக்குகிறதல்லவா? அதே இயற்பியல்தான். சாலையில் அது ஆபத்து. இன்ஜினுக்குள் அதுவே உயிர்நாடி. ஆகவே தண்டைச் சுமப்பது எண்ணெய்ப் படலம். அந்தப் படலத்துக்குக் குறையாமல் எண்ணெய் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பம்பின் வேலை.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் வெளியேறும் வழியில் தடை இருந்தால்தான் அழுத்தம் பிறக்கும். வீட்டில் ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகமாக வருகிறது. சமையலறையிலும் கொல்லையிலும் இன்னும் இரண்டைத் திறந்தால் வேகம் குறைகிறது. வழி அகன்றது, தடை குறைந்தது, அழுத்தம் இறங்கியது. இன்ஜினில் அந்தத் தடையைத் தீர்மானிப்பவை இரண்டு: இடைவெளியின் அளவும், எண்ணெயின் பாகுத்தன்மையும். பாகுத்தன்மை என்பது திரவம் ஓட மறுக்கும் குணம். தேனுக்கு அது அதிகம், தண்ணீருக்குக் குறைவு.

முதலில் இடைவெளியைப் பார்ப்போம். குறுகிய இடுக்கு வழியே கசியும் திரவத்தின் அளவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப மாறும். இடைவெளி 0.08-இலிருந்து 0.10 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் அது 1.25 மடங்கு. 1.25 × 1.25 × 1.25 = 1.95. தலைமுடியில் கால் பங்கு அளவு தேய்மானம்தான். ஆனால் கசிவு ஏறத்தாழ இரு மடங்கு! பம்ப் தள்ளும் எண்ணெய் கூடவில்லை என்பதால் அழுத்தம் பாதியாகும்.

அடுத்தது வெப்பம். நம் நாட்டு லோரிகளில் பரவலாக ஊற்றப்படும் 15டபிள்யூ-40 வகை எண்ணெயின் பாகுத்தன்மை 40 பாகை செல்சியஸில் இருப்பதைவிட 100 பாகையில் சுமார் ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். காலையில் நல்லபடியாக இருக்கும் அழுத்தம் நண்பகலில் இறங்குவது இதனால்தான்.

இப்போது அப்பாவின் லோரியைக் கணக்குப் போடுவோம். புதிய நிலையில், சூடான இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும்போது அழுத்தம் 200 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானத்தால் அது 100 ஆகிறது. எண்ணெயில் டீசல் கலந்து பாகுத்தன்மையும் பாதியானால் 50 ஆகிறது. விளக்கு மினுக்குகிறது. மிதியை அழுத்தி 1,800 சுற்றுக்குக் கொண்டுபோனால் பம்ப் மூன்று மடங்கு எண்ணெய் தள்ளும்; அழுத்தம் 150 ஆகும். விளக்கு அணையும். ஆனால் இடைவெளி மாறியதா? இல்லை. டீசல் வெளியேறியதா? அதுவும் இல்லை. விளக்கு அணைந்தது, நோய் அப்படியே இருந்தது.

விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

உங்கள் அப்பாவோ மாமாவோ லோரி ஓட்டுபவராக இருந்தால் இந்தப் பகுதியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

1. ஓடும்போது எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். "ஆலை வரைக்கும் போயிடலாம்" என்று நினைக்கக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் மிகவும் இறங்கிய பிறகே விளக்கு எரியும்.

2. சமமான தரையில் பத்து நிமிடம் விட்டு, அளவுக்குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். அளவு குறைவு என்றால் கசிவு எங்கே என்று தேட வேண்டும். அளவு கூடியிருந்தால் இன்னும் கவனம் தேவை. டீசல் வாசனை வந்தால் டீசல் கலந்திருக்கலாம். பால் கலந்த தேநீர் நிறமானால் குளிர்விக்கும் நீர் கலந்திருக்கலாம்.

3. அளவு சரி என்றால், விளக்கை இயக்கும் சென்சாரே பழுதாகியிருக்கலாம். பட்டறையில் சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் முள் வைத்த அழுத்தமானியைப் பொருத்திப் பார்ப்பார்கள். அளந்து பார்க்காமல் இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. அளந்து பார்க்காமல் சென்சாரைக் குறை சொல்லவும் கூடாது.

4. குளிர்ந்த நிலை, சூடான நிலை, குறைந்த சுற்று, அதிகச் சுற்று என நான்கு நிலைகளிலும் அளந்து, தயாரிப்பாளரின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். சூடாகிக் குறைந்த சுற்றில் மட்டும் இறங்கினால் பேரிங் தேய்மானம் அல்லது நீர்த்துப்போன எண்ணெய் மீது சந்தேகம் கொள்ளலாம். எல்லா நிலையிலும் குறைவு என்றால் அடைபட்ட உறிஞ்சு வலை, தேய்ந்த பம்ப், திறந்தபடி சிக்கிய அழுத்தத் தணிப்பு வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

5. பழைய வடிகட்டியை வெட்டித் திறந்தால் அது ஒரு சாட்சி. மினுக்கும் துகள் இருந்தால் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாத துகள் பேரிங்கின் மேற்பூச்சாக இருக்கலாம்.

சிறு செலவிலிருந்து பெருஞ்செலவு நோக்கிப் போவதுதான் இதன் ஒழுங்கு. பேரிங்கை நேரத்தோடு மாற்றினால் தண்டு பிழைக்கும். காலம் கடந்தால் இரண்டும் போகும்.

கெட்டி எண்ணெய் ஊற்றலாமா?

பாகுத்தன்மை கூடினால் அழுத்தமும் கூடும் என்று பார்த்தோம். அதனால் மண்டோர் சொன்னதில் கொஞ்சம் அறிவியல் இருந்தது. ஆனால் தேய்ந்த பேரிங் அதனால் வளர்ந்துவிடாது. காலையில் இன்ஜினை முடுக்கும்போது கெட்டி எண்ணெய் மெல்லத்தான் நகரும். அந்த நேரத்தில் மேலே உள்ள பாகங்கள் எண்ணெய்க்காகக் காத்திருக்கும். எல்லாவற்றையும்விட, எச்சரித்துக்கொண்டிருந்த விளக்கை அது பேச விடாமல் செய்துவிட்டது.

இன்ஜினைப் பிரித்தபோது பேரிங்கின் மேற்பூச்சு கரைந்து செம்பு தெரிந்தது. டீசல் தெளிப்பான் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு அப்பா முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது: "பழைய வண்டிதான், ஆனா மிஞ்ஞாக் ஹித்தாம் குறையவே இல்ல பாரு." பெருமையாகச் சொல்வார். பழைய இன்ஜின் எண்ணெயைக் கொஞ்சமாவது குடிக்கும். குறைந்த எண்ணெயின் இடத்தை டீசல் நிரப்பிக்கொண்டிருந்ததால்தான் அளவு குறையவில்லை. குச்சியை மோந்து பார்த்திருந்தால் போதும், வாசனையே சொல்லியிருக்கும். அப்பா கவனமில்லாதவர் அல்லர். விளக்கு எதை அளக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான இரண்டு சிறு நெகிழிப் போத்தல்களின் மூடியில் ஒரே அளவு துளையிடுங்கள். இரண்டிலும் அரைப் போத்தல் சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். ஒன்றைக் குழாய் நீரிலும் மற்றொன்றைக் கைபொறுக்கும் வெந்நீரிலும் பதினைந்து நிமிடம் வையுங்கள். போத்தலின் அடியிலும் ஒரு சிறு துளை போட்டு, காற்று போக வழிசெய்து, தலைகீழாகப் பிடித்து 50 மில்லிலிட்டர் வடிய எத்தனை வினாடி ஆகிறது என்று குறியுங்கள். பிறகு மூடியின் துளையைச் சற்றுப் பெரிதாக்கி மீண்டும் அளவிடுங்கள். எது காலத்தை அதிகம் மாற்றியது, வெப்பமா, துளையா?

பட்டறையில் கழித்த எண்ணெயில் ஒரு துளியை, பெரியவர் ஒருவரின் துணையோடு, கையுறை அணிந்து வடிதாளில் இட்டு ஒரு நாள் விடுங்கள். கரி நடுவில் தங்கும். டீசல் கலந்திருந்தால் அது வெளியே தனி வளையமாகப் பரவும். ஆய்வுக்கூடத்தில் மையின் நிறங்களைத் தாளில் பிரித்தீர்களே, அதே முறைதான். மீந்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள். மலேசியச் சட்டப்படி கழித்த மசகு எண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற குறியீடு கொண்ட அட்டவணைக் கழிவு. பட்டறையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சிந்தியுங்கள்

1. இடைவெளி இரு மடங்கானால் கசிவு எத்தனை மடங்காகும்?
2. மிதியை அழுத்தியதும் விளக்கு அணைந்தால் "பழுதில்லை" என்று சொல்லலாமா? காரணம் தருக.
3. எண்ணெய் அளவு குறையாத பழைய லோரியைப் பார்த்து ஓட்டுநர் மகிழ வேண்டுமா?

மூன்றாவது கேள்விக்கு விடை எழுதும் முன், உங்களுக்குத் தெரிந்த ஓர் ஓட்டுநரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் விடையையும் சேர்த்து எழுதுங்கள்.