பழுப்பும் நீலமும் மாறினால் என்ன?

நம்பிக்கை: ஏசி கரண்டுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. பிளக்கில் வயரை எப்படி மாட்டினாலும் காற்றாடி சுற்றும்.

உண்மை: சுற்றும். அதில் பொய்யில்லை. மலேசியாவில் பெடாஸ் பக்கத்துத் தோட்ட வீடுகளில் பிளக்கைத் தாமே பிரித்து மாட்டுகிறவர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. மேசைக் காற்றாடிக்கும் அயனுக்கும் எந்த முனையில் எது வந்தாலும் ஒன்றுதான்.

ஆனால் மூன்று முள் பிளக்கின் உள்ளே பாருங்கள். ஃபியூஸ் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. அது லைவான பழுப்பு வயருக்கான இடம். அங்கே நியூட்ரலான நீலத்தை மாட்டினால், ஃபியூஸ் எரிந்து காற்றாடி நின்ற பிறகும் அதன் உள்ளே 230 வோல்ட் இருக்கும். சுவிட்சை நியூட்ரலில் போட்டாலும் அதே கதைதான்: பல்பு அணையும், ஹோல்டரில் கரண்டு நிற்கும். அணைத்த எல்இடி பல்பு இரவில் மங்கலாக மினுங்கினால் இதையும் சந்தேகப்படலாம்.

பச்சை-மஞ்சள் எர்த் வயரைப் பிளக்குக்குள் கொஞ்சம் தளர்வாக விடுவார்கள். யாராவது வெடுக்கென்று இழுத்தால் அது கடைசியாகத்தான் கழல வேண்டும். எர்த் துளையில் பேனாவைக் குத்தி இரண்டு முள் பிளக்கை நுழைக்கும் நம் ஊர் வித்தைக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

நம்பிக்கை: அப்படியானால் அந்தந்த நிறத்துக்கு ஏதோ காரணம் இருக்கிறது.

உண்மை: உள்ளே இருப்பது ஒரே செம்புதான். நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் கறுப்பு வயர் நியூட்ரல். அமெரிக்காவில் கறுப்புதான் லைவ். நிறம் வெறும் ஒப்பந்தம். ஆனால் பின்கட்டில் சமையலறையை நீட்டியபோது வயர் இழுத்தவர் ஒருவர், ஏர்கோன் மாட்ட வருகிறவர் வேறொருவர். முன்னவர் சுவருக்குள் என்ன செய்தார் என்று சொல்ல அந்த நிறத்தைவிட்டால் வேறு சாட்சி கிடையாது. டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் எந்த நிறத்தையும் நம்பக்கூடாது என்பது வேறு விஷயம்.

அந்த ஒப்பந்தம் மாறவும் செய்யும்: பிரிட்டன் 2004இல் கட்டட வயர்களின் நிறங்களை மாற்றியது. அதுவரை நியூட்ரலாக இருந்த கறுப்பு மும்முனை இணைப்பில் ஒரு லைவ் ஆனது; லைவாக இருந்த நீலம் நியூட்ரல் ஆனது. பழைய வயரும் புதிய வயரும் சேரும் கட்டடங்களில் மின்பெட்டி மேலேயே எச்சரிக்கைத் தாள் ஒட்டவேண்டும் என்று விதி போட்டார்கள்.