கிளுவை வேலியும் வளையல் வட்டமும்: சத்தியமங்கலம் சண்டையை மேசையில் ஆடுவது எப்படி?

மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, அளவுநாடாவும் பகடையும் வைத்து ஆடும் போர் விளையாட்டில், புதியவர்கள் மல்லுக்கு நிற்பது பெரும்பாலும் இரண்டே விஷயத்துக்குத்தான். வேலிக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு எவ்வளவு காப்பு? வெடிகுண்டு விழுந்தால் அந்தக் காப்பு செல்லுமா? இரண்டையும் பழகிக்கொள்ள எங்கள் ஊரைவிடத் தோதான களம் எனக்குத் தெரியாது.

1790 செப்டம்பர் 13. மூன்றாம் மைசூர்ப் போர். சுமார் 40,000 பேருடன் சீரங்கப்பட்டணத்திலிருந்து கிளம்பிய திப்பு சுல்தான், கணவாய் இறங்கிச் சத்தியமங்கலத்துக்கு வந்துவிட்டார். எதிரே கர்னல் ஃபிளாய்டின் கம்பெனிப் படை, மூவாயிரத்துக்கும் குறைவு. குதிரைச் சண்டையில் தாக்குப்பிடித்தாலும் பீரங்கியடியில் கம்பெனிப் படை நொந்துபோனது. இரவோடிரவாக ஊரைக் காலிசெய்து கோயமுத்தூர்ப் பக்கம் பின்வாங்கினார்கள். இழுவை மாடுகள் செத்துப்போனதால் சில பீரங்கிகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அந்த மாடுகளை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

முதலில் களம். ஆறடிக்கு நாலடி மேசை போதும். ஓர் அங்குலம் பத்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால் துப்பாக்கிக்கு 10 அங்குலம் எட்டும். பீரங்கி கிட்டத்தட்ட மேசை முழுக்க எட்டும். இத்தனை பெரிய படையை மேசைக்குக் கொண்டுவர ஆசைப்பட வேண்டாம். கம்பெனிக்கு 24 சிப்பாய், 6 குதிரை, 2 பீரங்கி. மைசூருக்கு 48 சிப்பாய், 16 குதிரை, 3 பீரங்கி, ஒரு ஹோவிட்சர், 2 ராக்கெட் குழு.

கிளுவை வேலிக்குத் தேங்காய் நாரைப் பச்சைச் சாயத்தில் முக்கிக் காயவைத்து ஒட்டுங்கள். சீமாத்துக் குச்சியை ஓரங்குலமாக நறுக்கி நெருக்கமாக நட்டால் சோளக்காடு. தெர்மாகோல் துண்டில் பசை தடவிச் செம்மண்ணைத் தூவினால் மண்சுவர்.

அடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதுங்கள்: மறைக்குமா, தடுக்குமா, மறிக்குமா? சோளக்காடு மறைக்கும், குண்டைத் தடுக்காது, ஆளையும் மறிக்காது. மண்சுவர் மூன்றையும் செய்யும். கிளுவை வேலிதான் விசேஷம். போன தடவை ஆடும்போது அக்கா மகன் கேட்டான்: "ஏனுங் மாமா, கிளுவ வேலி குண்டத் தடுக்குமுங்ளா?" தடுக்காது. ஆனால் குதிரை அதைத் தாண்டாது. கொறங்காட்டில் ஆடு மாடு அடைக்கவே ஏற்பட்ட முள் அது. ஆகவே வேலியில் கடவு இருக்கிற இடத்தில்தான் குதிரை நுழையலாம், அதுவும் ஒவ்வொன்றாக. அயல்நாட்டு விதிப்புத்தகங்கள் பலவற்றில் வேலி என்றால் 'லேசான காப்பு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நம்மூர் முள்ளைப் பார்க்காதவர்கள்.

இப்போது துப்பாக்கி. சுடுகிறவன் தலையிலிருந்து இலக்கு வரை நூல் பிடியுங்கள். பூக் கட்டுகிற நூலே போதும், இந்த ஊரில் அதற்கா பஞ்சம்! நூல் எதையும் தொடாவிட்டால் பகடையில் 5, 6 விழுந்தால் அடி. சோளத்தையோ வேலியையோ தொட்டால் 6 மட்டும். மண்சுவரைத் தொட்டாலும் 6தான்; ஆனால் அடிபட்டவர் மறுபடி உருட்டி 4, 5, 6 போட்டால் தப்பிக்கலாம். பன்னிரண்டு பேர் சுட்டால் வெட்டவெளியில் சராசரி நாலு பேர் விழுவார்கள், சோளத்தில் இரண்டு, சுவருக்குப் பின்னால் ஒன்று. இந்த நாலு, இரண்டு, ஒன்று மனதில் நின்றுவிட்டால் படையை எங்கே நிறுத்துவது என்பது தானாக விளங்கும்.

பீரங்கியின் கெட்டிக் குண்டு வெடிக்காது. உருண்டும் துள்ளியும் போய்க் கொல்லும். எனவே குழாய் வாயிலிருந்து இலக்குக்கு நூலை நேராகக் கிடத்துங்கள். இலக்கில் பட்ட பிறகும் 10 அங்குலம் அதே கோட்டில் நீட்டுங்கள். கோட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பகடை. 4 முதல் 6 வரை விழுந்தால் ஆள் காலி. மண்சுவரில் பட்டால் குண்டு புதைந்து நின்றுவிடும். மழை பெய்த ஈரக்காடு என்றால் துள்ளல் கிடையாது. அந்த 10 அங்குலத்தை வெட்டிவிடுங்கள். அந்த செப்டம்பரில் மழையும் இருந்தது. பின்வாங்கியவர்களைத் துரத்தவிடாமல் திப்புவைத் தாமதப்படுத்தியதே அதுதான். ஆகவே ஆட்டத் தொடக்கத்தில் ஒரு பகடை உருட்டி, 1 அல்லது 2 விழுந்தால் ஈரம் என்று வைக்கலாம்.

வெடிகுண்டு எறிவது ஹோவிட்சர். இதற்கு வளையல் வேண்டும். கடையில் 'இரண்டு எட்டு' என்று கேளுங்கள். உள்விட்டம் சரியாக இரண்டரை அங்குலம், நம் கணக்கில் 25 மீட்டர். குறிவைத்த இடத்தில் வளையலை வைத்துவிட்டு ஒரு தாயக்கட்டையை உருட்டுங்கள். ஒன்று விழுந்தால் குண்டு முன்னாலேயே விழுந்தது, இரண்டு என்றால் தாண்டிப் போனது, மூன்று இடப்பக்கம், வெறும் பக்கம் வலப்பக்கம். எத்தனை அங்குலம் என்பதைப் பகடை சொல்லும். பகடையில் 1 விழுந்தால் நகர்த்தவே வேண்டாம், குறி தப்பவில்லை. கடைசியாகத் திரிக்கு ஒரு பகடை: 1 விழுந்தால் திரி அணைந்தது, ஈரநிலத்தில் 1 அல்லது 2. அணையாவிட்டால் வளையலுக்குள் இருக்கிற ஒவ்வொருவரும் 4, 5, 6 போட்டால்தான் பிழைப்பார்கள்.

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இங்கேதான். துப்பாக்கிக்குக் காப்பைச் சுடுகிறவனிடமிருந்து பார்த்தோம். வெடிகுண்டுக்கு அப்படிப் பார்க்கக் கூடாது. வளையலின் நடுவிலிருந்து ஆள் வரை நூல் பிடியுங்கள். இடையில் மண்சுவர் இருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. குண்டு சுவரைத் தாண்டி உள்ளே விழுந்திருந்தால், எதிரியைப் பார்த்திருக்கும் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தும் பயனில்லை. சோளமும் வேலியும் சில்லுகளுக்கு ஒரு பொருட்டே இல்லை. இன்னொன்று, காப்புக்கு ஆசைப்பட்டு ஒரே சுவரோரம் பன்னிரண்டு பேரை நெருக்கினால் ஒரே வளையலில் அத்தனை பேரும் அடங்குவார்கள். வேலிக் கடவில் நெருக்கியடிக்கும் குதிரைகளுக்கும் இதே கதி. ஆளுக்கு ஆள் ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள். வானத்தில் வெடித்துச் சிதறும் ஷ்ராப்னல் குண்டை மட்டும் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். பிரிட்டிஷ் படை அதை ஏற்றுக்கொண்டது 1803இல்.

மைசூர் ராக்கெட் இல்லாமல் ஆட்டம் சப்பென்றிருக்கும். இரும்புக் குழாயில் மருந்தடைத்து மூங்கிலில் கட்டியது அது. ஒவ்வொரு 6 அங்குலத்துக்கும் தாயக்கட்டையை உருட்டுங்கள்: ஒன்று என்றால் இடப்பக்கம் ஓரங்குலம் விலகும், மூன்று என்றால் வலப்பக்கம், மற்றவை நேர். நேராக வந்து மோதினால் ஓர் ஆளுக்கு ஒரு பகடை, அவ்வளவுதான். ஆனால் 4 அங்குலத்துக்குள் இருக்கிற குதிரையும் மாடும் 1, 2, 3 போட்டால் மிரண்டு 6 அங்குலம் பின்னால் ஓடும். வேலி குறுக்கே வந்தால் அங்கேயே நின்று ஒரு முறை ஆட்டத்தை இழக்கும்.

இனி மாடுகள். ஒவ்வொரு பீரங்கிக்கும் நாலு மாட்டுப் பொம்மை பின்னால் நிற்க வேண்டும். மாடு இருந்தால் பீரங்கி 4 அங்குலம் நகரும், மைசூருக்கு 6. திப்புவின் படைக்கு வாய்த்த மாடுகள் அப்படி. இரண்டு மாடு விழுந்தால் பாதி வேகம், நாலும் போனால் பீரங்கி நின்ற இடம்தான். புதிதாக ஆடுகிறவர்கள் சிப்பாய்களுக்கெல்லாம் சுவரைக் கொடுத்துவிட்டு மாடுகளைச் சோளக்காட்டில் விடுவார்கள். துப்பாக்கிக்குச் சோளம் கொஞ்சம் கைகொடுக்கும். மேலிருந்து விழும் குண்டுக்கு வெட்டவெளியும் அதுவும் ஒன்றுதான். நான் கம்பெனிப் பக்கம் ஆடினால் முதல் சுவர் மாடுகளுக்கு, மிச்சமிருப்பதுதான் சிப்பாய்க்கு.

எட்டுச் சுற்று ஆடுங்கள். கம்பெனி தன் இரண்டு பீரங்கியையும் மேசையின் கோயமுத்தூர் விளிம்பைத் தாண்டி இழுத்துச் சென்றால் வெற்றி, ஒன்றென்றால் சமம். இரண்டையும் விட்டுவிட்டால், எத்தனை சிப்பாய் பிழைத்திருந்தாலும் மைசூருக்கே ஆட்டம்.