மன்னர் துயிலும் இடம் எங்கே?



வேலூர்க் கோட்டையைப் பார்த்திராதவர் நம்மில் மிகச் சிலரே. ஆயினும் அக்கோட்டையில் சிறைவைக்கப்பட்ட அரசர் ஒருவர் பாலாற்றங்கரையில் அடக்கமாகி இருக்கிறார் என்பதை எத்தனை பேர் அறிவோம்? அவரைப் பற்றி இறுதியில் கூறுவேன். அதற்கு முன் இரண்டு வினாக்கள். மாமன்னர்களின் கல்லறைகள் எவ்வாறு தொலைந்து போகின்றன? தொலைந்தவற்றை அறிஞர்கள் எவ்வாறு கண்டுகொள்கின்றனர்?

முதலில் எகிப்து நாட்டிற்குச் செல்வோம். அங்கே நைல் நதியின் மேற்கே, மலைகளுக்கிடையே, ‘அரசர் பள்ளத்தாக்கு’ உள்ளது. மன்னர்களின் உடலைப் பாடம் செய்து, பொன்னோடும் மணியோடும் பாறையைக் குடைந்த அறைகளில் அடக்கம் செய்தனர். பொன் இருக்கும் இடத்தைத் திருடர் விடுவார்களா? பல கல்லறைகள் பண்டைக் காலத்திலேயே கொள்ளை போயின. ஆகவே குருமார்கள் அரசர்களின் உடல்களை எடுத்து, வேறோர் இடத்தில் ஒன்றாக மறைத்து வைத்தனர். அவ்வாறு செய்தபோது பெட்டிகளின் மீதும் துணிகளின் மீதும் இன்னார் உடல் என்று எழுதி வைத்தனர். 1881ஆம் ஆண்டில் அம்மறைவிடம் ஆய்வாளர் கைக்கு வந்தபோது, இரண்டாம் ராம்சேஸ் போன்ற பேரரசர்களை அடையாளம் காட்டியது அந்த எழுத்தே.

துட்டன்காமன் என்ற இளம் அரசனின் கதையோ வேறு. பின்வந்தோர் அவன் பெயரை அரசர் வரிசையிலிருந்தே நீக்கிவிட்டனர். அவன் கல்லறையின் வாயில், பிற்காலத்துத் தொழிலாளர் குடிசைகளுக்கும் இடிபாடுகளுக்கும் கீழே புதைந்தது. உலகம் மறந்ததே அவனுக்குக் காவலாயிற்று! பல ஆண்டுகள் பொறுமையோடு தேடிய ஹோவர்ட் கார்ட்டர் என்ற ஆங்கிலேயர், 1922 நவம்பர் 4ஆம் நாள் முதற்படியைக் கண்டார். வாயிலில் இருந்த முத்திரைகள் மன்னனின் பெயரைச் சொல்லின.

தேடல் இன்றும் ஓயவில்லை. 2022இல் ஒரு கல்லறையின் வாயில் தென்பட்டது. அது யாரோ ஓர் அரசியினுடையது என்றே முதலில் எண்ணினர். உள்ளே கிடைத்த உடைந்த கற்சாடிகளின் துண்டுகளில் இரண்டாம் துட்மோஸ் மன்னனின் பெயர் இருந்தது. 2025 பிப்ரவரியில் உண்மை அறிவிக்கப்பட்டது. ஓர் உடைந்த ஓடு ஒரு மன்னனின் கல்லறையை மீட்டுக் கொடுத்தது. புகழ்பெற்ற அரசி நெஃபர்டீட்டியின் கல்லறையோ இன்னும் அடையாளம் காணப்படவில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சோழ மன்னர்கள் மறைந்த முன்னோருக்காக எடுத்த கோயிலுக்குப் ‘பள்ளிப்படை’ என்று பெயர். அத்தகைய கோயில் ஒன்று நம் வேலூர் மாவட்டத்திலேயே, பொன்னையாற்றங்கரையில் உள்ள மேல்பாடியில் இருக்கிறது. ஆற்றூர் என்னுமிடத்தில் உயிர்நீத்த தம் பாட்டனார் அரிஞ்சய சோழருக்காக முதலாம் ராஜராஜன் எடுத்த பள்ளிப்படை அது. இதைச் சொல்வது அக்கோயிலின் கல்வெட்டே. அவ்வரிகள் இல்லையெனில் அதையும் எத்தனையோ கோயில்களுள் ஒன்றாகவே எண்ணியிருப்போம்.

பாட்டனாருக்குக் கோயில் எடுத்த ராஜராஜன் எங்கே அடக்கமானார்? கும்பகோணத்திற்கு அருகிலுள்ள உடையாளூரில்தான் என்று பலர் நம்புகின்றனர். அங்குள்ள அம்மன் கோயில் தூணில், ராஜராஜனின் பட்டப்பெயராகிய ‘சிவபாதசேகரன்’ பெயரால் அமைந்த திருமாளிகையின் மண்டபத்தைப் புதுப்பித்த செய்தி, முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டாக உள்ளது. 2019இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவ்வூரில் ஆய்வு செய்யுமாறு தொல்லியல் துறைக்கு உத்தரவிட்டது. ஆயினும் மன்னர் அங்கே அடக்கமானார் என்பதை மெய்ப்பிக்கும் சான்று கிடைக்கவில்லை. கல்வெட்டு ‘திருமாளிகை’ என்கிறது. ‘பள்ளிப்படை’ என்று கூறவில்லை. மேல்பாடிக்கும் உடையாளூருக்கும் உள்ள வேறுபாட்டை நன்கு கவனியுங்கள். நம் விருப்பம் எவ்வளவு பெரிதாயினும், அது சான்றின் இடத்தை நிரப்பாது. இதுவே வரலாறு கற்பிக்கும் நேர்மை.

இப்போது நம் பாலாற்றங்கரைக்கு வருவோம். கண்டி நாட்டின் கடைசி அரசர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் மரபினர். 1815இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து அரசை நீக்கினர். 1816இல் குடும்பத்தோடு கடல் கடந்து கொண்டுவரப்பட்ட அவர், வேலூர்க் கோட்டையில் கைதியாகவே வாழ்ந்து 1832 ஜனவரி 30ஆம் நாள் காலமானார். அவரும் அவர் குடும்பத்தாரும் அடங்கிய இடத்தில், 1990இல் தமிழ்நாடு அரசு எழுப்பிய முத்து மண்டபம் நிற்கிறது. அரியணை இழந்தவர், நாடு இழந்தவர். ஆயினும் பெயர் இழக்கவில்லை.

மாணவியரே, முத்திரை, துணி, உடைந்த ஓடு, கல்வெட்டு ஆகிய எல்லாவற்றிலும் நாம் கண்டது ஒன்றே: எழுத்து நிலைத்தால் மனிதர் நிலைப்பர். கோட்டைச் சுவரிலும் கோயில் தூணிலும் தம் பெயரைக் கீறுவோரைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரமாண்டுச் செய்தி ஒன்று அந்த ஆணிக் கீறலில் அழியக்கூடும். அழிந்தால் எந்தக் கார்ட்டரும் அதை மீட்டுத் தர இயலாது. வரும் விடுமுறையில் மேல்பாடிக்கும் முத்து மண்டபத்திற்கும் பெற்றோருடன் சென்று வாருங்கள். கண்ணால் பாருங்கள், குறிப்பேட்டில் எழுதுங்கள், கல்லைக் கல்லாகவே விட்டு வாருங்கள்.