தபாலில் வருகிறவர்கள்

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகனுக்குப் பெரியப்பா எழுதிக்கொள்வது.  

உன் நாவல் வெளிவந்தது முதல் முன்பின் அறியாதவர்களிடமிருந்து கடிதங்கள் வந்த வண்ணமிருப்பதாகவும், அவற்றுள் பல, கதையைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, மீதிப் பக்கமெல்லாம் எழுதியவருடைய சொந்த வியாகூலத்தையே சொல்லுகின்றனவென்றும், இவற்றுக்கெல்லாம் பதில் எழுத உட்கார்ந்தால் அடுத்த நாவலை எப்பொழுது எழுதுவதென்றும் கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். பதில் எழுது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் எந்த எல்லை வரையில் என்பதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லியாக வேண்டும்.

இந்த விஷயத்தில் நீ படித்தறிய வேண்டிய மனிதர் ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் போதித்துவந்த சி. எஸ். லூயிஸ். 1941-இல் பி.பி.சி. வானொலியில் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கியதும், மறு வருஷம், மூத்த பிசாசொன்று தன் மருமகப் பிசாசுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும் கடிதங்களாக அவர் எழுதிய புத்தகம் வெளிவந்ததும், அவர் வீட்டு வாசலில் தபால் வெள்ளம்போல் வந்து விழலாயிற்று. (பெரியவர்கள் சின்னவர்களுக்கு எழுதும் புத்திமதிக் கடிதங்களின்மேல் எனக்கே ஓர் ஐயத்தை உண்டாக்கிய புத்தகம் அது.) அவர் கடிதப் பிரியர் என்று நினைத்துவிடாதே. தபால்காரர் கதவைத் தட்டும் ஓசைக்கு அஞ்ச வேண்டியிராத வாழ்வே பாக்கியமான வாழ்வு என்னும் கருத்துப்படத் தம் இளமைச் சரித்திரத்திலேயே எழுதிவைத்திருப்பவர். கிறிஸ்துமஸ் காலத்துத் தபாலைக் கண்டு வாய்விட்டுப் புலம்பியவர். அப்படிப்பட்டவர்தாம், மையில் தோய்த்தெழுதும் பேனாவைப் பிடித்துக்கொண்டு, மூட்டு வாதத்தால் கை மறுக்கும் காலத்திலுங்கூட, யாரென்றே தெரியாதவர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். பிரியத்தினால் செய்ததைக் காட்டிலும் கடமையென்று செய்தது அதிகம் என்பதனால்தான் எனக்கு அவர்பால் மதிப்பு.

ஆனால் ஒன்றை மறந்துவிடாதே. பட்டாளத்தில் மேஜராக இருந்து ஓய்வுபெற்ற அவருடைய அண்ணன், ஒரே வீட்டில் உடனிருந்து, இரண்டே விரல்களால் தட்டச்சு இயந்திரத்தைத் தட்டித் தட்டிக் கணக்கற்ற பதில்களை அடித்துக்கொடுத்தார். உனக்கு அப்படியோர் அண்ணன் இல்லை; பள்ளிக்கூட வேலையையும் பிள்ளைகளையும் சுமக்கும் உன் மனைவியை அந்த உத்தியோகத்தில் அமர்த்திவிடலாமென்ற யோசனை உனக்கு வந்திருந்தால், அதை இந்த வரியோடு விட்டுவிடு. வாரத்தில் ஒரு நாள் மாலையை ஒதுக்கிக்கொள். அன்று எழுதி முடிந்தவை போக எஞ்சியவை அடுத்த வாரம்வரை காத்திருக்கட்டும்.

இனி, பதிலின் தன்மை. 1955-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு தாய் லூயிஸுக்கு எழுதினாள். ஒன்பது வயதான அவள் மகன் அவர் எழுதிய நார்னியாக் கதைகளைப் படித்துவிட்டு, அவற்றில் வரும் அஸ்லான் என்னும் சிங்கத்தை இயேசுவைக் காட்டிலும் அதிகமாக நேசித்துவிட்டோமே, இது விக்கிரக ஆராதனையாகிவிடுமோ என்று கலங்கிப்போயிருக்கிறான். கடிதம் போய்ப் பத்து நாளில் பதில் வந்துவிட்டது. உன்னையும் என்னையும் போன்றவர்களாயிருந்தால், குழந்தை அப்படித்தான் சொல்லும் என்று சிரித்திருப்போம், அல்லது நம் எழுத்தின் சக்தியை எண்ணி உள்ளூரப் பூரித்திருப்போம். லூயிஸ் அந்தச் சிறுவனுடைய பயத்தைப் பெரியவர் ஒருவருடைய பயத்துக்குச் சமானமாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னார்: சிங்கத்தின் எந்தச் சொல்லுக்காகவும் செயலுக்காகவும் பையன் அதை நேசிக்கிறானோ, அவை யாவும் இயேசு சொன்னவையும் செய்தவையுமே, ஆகையால் அவன் உண்மையில் நேசிப்பது அவரைத்தான். அதோடு, அவன் சொல்லத்தக்க ஜெபமொன்றையும் எழுதி, தம் புத்தகங்கள் வேறு குழந்தைகளுக்கு ஏதேனும் கலக்கமோ தீங்கோ விளைத்திருந்தால் அது மன்னிக்கப்படும்படி தமக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொன்னார். வாசகனிடம் எழுத்தாளன் ஜெபம் யாசிக்கிறான், பார்த்தாயா! ஆசிரியர் பீடத்திலிருந்து இப்படியொரு பதில் இறங்கி வராது.

அதே சிறுவனுக்கு 1957-இல் எழுதிய இன்னொரு பதிலின் கதை வேறு. நார்னியாப் புத்தகங்களை வெளிவந்த வரிசையில் படிப்பதா, கதை நடக்கும் கால வரிசையில் படிப்பதா என்று தாய்க்கும் மகனுக்கும் வாக்குவாதம். எப்படிப் படித்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை என்னும் பாவனையில் லூயிஸ் பையனுடைய கட்சியை ஆதரித்து எழுதினார். ஆசிரியர் காலமாகி முப்பது வருஷத்துக்குப் பின் பதிப்பாளர்கள் அந்தக் கடிதத்தையே ஆதாரமாகக் கொண்டு புத்தகங்களின் எண் வரிசையை மாற்றிவிட்டார்கள்; ரசிகர்கள் இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீ விளையாட்டாக எழுதும் வார்த்தையும் எங்கேயோ ஒரு பெட்டியில் பத்திரமாயிருக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

சாதாரண நாவலாசிரியனுக்கு எழுதுகிறவர், கதாநாயகி ஏன் செத்தாள் என்று கேட்பார். கிறிஸ்தவ நாவலாசிரியனுக்கு எழுதுகிறவரோ, என் தங்கை ஏன் செத்தாள் என்று கேட்பார். உனக்கு நேரும் சோதனை இங்கேதான் இருக்கிறது. நாவல் எழுதினவனைப் போதகரென்றே எண்ணி அவர்கள் நாற்காலியை இழுத்துப்போட, நீயும் அதில் உட்கார்ந்துவிடக் கூடாது. ஆயிரம் பேர் ஆத்தும ஆலோசனை கேட்டு எழுதிய அந்த லூயிஸ், 1940-இன் கடைசியிலிருந்து தாமே ஒரு குருவானவரிடம் சென்று பாவசங்கீர்த்தனம் செய்துவந்தவர் என்பது அநேகருக்குத் தெரியாது. கேட்டவருக்குச் சொல்லக்கூடியதைச் சொல். மற்றதை அவரவர் ஆயரிடம் விட்டுவிடு.

கொடுப்பதற்கு உபதேசமே இல்லாதபோது பொறுமையைக் கொடுக்கலாம். வறுமையும் வியாதியும் குடும்பத் தகராறும் நிறைந்த ஓர் அமெரிக்க மாதுக்கு, 1950 முதல் 1963-இல் தாம் மரிக்கும் வரையில், நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களை எழுதினார் லூயிஸ். ஒருபொழுதும் நேரில் கண்டதில்லை. அவற்றைப் படித்துப்பார்: ஞானம் கொஞ்சந்தான், பல்வலி, பூனைகள், வைத்தியச் செலவு, மனைவியின் புற்றுநோய் என்று இரண்டு முதியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசும் பேச்சே அதிகம். அந்த அம்மாளுக்குச் சிறு பண உதவியும் கிடைக்கும்படி தம் அமெரிக்கப் பதிப்பாளர் மூலம் ஏற்பாடு செய்துவைத்தார். எல்லாருக்கும் இப்படிச் செய்ய யாராலும் இயலாது. நீ ஒருவருக்கோ இருவருக்கோ செய்தால் போதும். தமக்கு வந்த கடிதங்களை அவர் சேர்த்து வைக்கவில்லை என்பதையும் கவனி. அந்தரங்கத்தை நம்பி எழுதினவர்களுடைய வாழ்க்கை, அடுத்த நாவலுக்குக் கச்சாப் பொருளன்று. இதில் உனக்குச் சலுகையே கிடையாது.

கடைசியாக, வாசகருக்குப் பதில் எழுது, ஆனால் அவர் சொன்னபடி நாவலை எழுதாதே. அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில், தந்தையைக் கொண்டுபோன அதே வியாதியோடு தாயின் பண்ணையில் வாழ்ந்து 39 வயதில் மரித்த கத்தோலிக்க எழுத்தாளர் பிளானரி ஓ'கானருக்கு, கலிபோர்னியாவிலிருந்து ஒரு மூதாட்டி, களைத்து வீடு திரும்புகிறவன் மனத்தை உயர்த்தும்படி ஏதாவது படிக்க விரும்புகிறான் என்று குறைப்பட்டு எழுதினாராம். மூதாட்டியின் இருதயம் சரியான இடத்தில் இருந்திருந்தால் உயர்ந்திருக்கும் என்பது ஓ'கானர் அம்மையாருடைய எண்ணம். தம் கதைகளின் கொடூரத்தை ஒரு துளியும் குறைத்துக்கொள்ளவில்லை. அதே அம்மையார், 1955-இல் தம் கதைகளைப் புரிந்துகொண்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு மட்டும், 1964-இல் தாம் மரிக்கும் வரை சளைக்காமல் எழுதினார். உன் கதையில் வரும் சபை மூப்பர் குடிக்கிறார் என்று கோபித்து எழுதியவருக்கு வணக்கமாக நன்றி எழுது. மூப்பர் குடித்துக்கொண்டே இருக்கட்டும்.

நீ நகலெடுத்து அனுப்பிய கடிதங்களில், மகனை இழந்தபின் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்ட அம்மாளுடையதற்கு முதலில் எழுது. வசனம் ஒன்றும் எடுத்துக்காட்டாதே. மகன் பேரைக் கேள். பதில் வந்தால் எனக்குத் தெரிவி. பெரியம்மா உங்கள் யாவரையும் விசாரிக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா